காசிமேட்டிலிருந்து ஸ்ட்ரோம்னஸுக்கு: அக்கம்பக்கத்தார் கேட்டவையும் என் பதில்களும்

கப்பல் இன்ஜினியராகக் காலம் கழித்துவிட்டு ராயபுரத்தில் கரையேறியவன் நான். ஒரு ஜூன் மாதம் மனைவியோடு ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுக்கூட்டத்துக்குப் போய், ஸ்ட்ரோம்னஸ் என்ற பழைய துறைமுக ஊரில் ஆறு இரவுகள் தங்கினேன். அதைப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிவைத்ததன் பலன், இந்தக் கேள்விகள்.

அங்கே போய்ச் சேருவது எப்படி? (தண்டையார்பேட்டை ஆசிரியை)

முதலில் பிரிட்டன் விசா. ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா அங்கே செல்லாது. லண்டன் வழியாக இன்வர்னஸ், அங்கிருந்து சுமார் நான்கு மணி நேர ரயிலில் தர்சோ, பக்கத்திலேயே ஸ்க்ராப்ஸ்டர் துறை, பிறகு ஒன்றரை மணி நேரக் கப்பல். தீவின் கிர்க்வால் நகருக்கு விமானமும் உண்டு. ஆனாலும் கப்பலிலேயே போங்கள், வலப்பக்கம் இடம் பிடியுங்கள். ஹோய் தீவின் ஓரத்தில் 137 மீட்டர் உயர மணற்கல் தூண் ஒன்று கடலில் தனியாக நிற்கிறது. நம் மெரினா கலங்கரை விளக்கத்தைப் போல மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வருகிற உயரம். வாந்தி வரக்கூடியவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கடல் குலுக்காமல் விடாது.

மீன்பிடித் துறைமுகத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது? (காசிமேடு, விசைப்படகு உரிமையாளர்)

அண்ணே, மற்ற எல்லாரையும்விட உங்களுக்குத்தான் அந்த ஊர் புரியும். கல் பாவிய ஒரே நீண்ட தெரு, வளைந்து வளைந்து போகிறது. கடலோர வீடுகள் பக்கச்சுவரைக் கடலுக்குக் காட்டி நிற்கின்றன. பல வீடுகளுக்குச் சொந்தமாகவே ஒரு சின்னத் துறை. இரண்டு வீட்டுக்கு நடுவே ஆள் நுழையும் அளவு சந்து. அதன் முடிவில் பாசி பிடித்த படிகள், கடைசிப் படியை அலை நக்கிக்கொண்டிருக்கும்.

தெருவின் தென்கோடியில் ஒரு கிணறு. 1931இல் மூடிவிட்டார்கள். அதன்மேல் உள்ள கல்வெட்டை நான் மூன்று முறை போய்ப் படித்தேன். கனடாவில் விலங்குத் தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் கப்பல்கள் 1670 முதல் 1891 வரை இங்கேதான் நன்னீர் நிரப்பின. நீரோடு ஆட்களையும் ஏற்றின. படகும் குளிரும் பழகிய, குறைந்த கூலிக்கு வரும் ஆட்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் கம்பெனியின் கனடா ஊழியர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆர்க்னிக்காரர்கள்தான்.

1845இல் வடதுருவக் கடல்வழி தேடிப் புறப்பட்ட ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஃபிராங்க்ளினின் இரு கப்பல்களும் இதே கிணற்று நீரை ஏற்றிக்கொண்டு போயின. கிரீன்லாந்தைத் தாண்டிய 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அவர்கள் பசியில் செத்த கதையை அந்தப் பனிப்பகுதிப் பழங்குடியினரான இனுவிட் மக்களிடம் கேட்டறிந்து 1854இல் வெளியே சொன்னவர் ஜான் ரே. அவர் பிறந்த வீடு ஸ்ட்ரோம்னஸுக்கு எதிர்க்கரையிலேயே இருக்கிறது. கடைசியில் இறந்த சக மாலுமிகளின் உடலையே தின்றார்கள் என்றும் அவர் சொன்னதால், லண்டன் பெரிய மனிதர்கள் அவரையே தூற்றினார்கள். கெட்ட செய்தி கொண்டுவருபவனுக்கு எந்தத் துறையிலும் மரியாதை இல்லை.

ஜெர்மன் போர்க்கப்பல்கள் மூழ்கிக் கிடப்பது உண்மையா? (எண்ணூர், கல்லூரி மாணவர்)

உண்மைதான் தம்பி. 1914 செப்டம்பர் 22 இரவு நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் அந்த நவம்பரிலேயே கோக்கோஸ் தீவில் முடிந்துபோனது. அதன் பெயர் மட்டும் நம் வாயில் வசைச்சொல்லாக ஒட்டிக்கொண்டது. அந்த முதல் உலகப் போர் முடிந்ததும் பிடித்துவைக்கப்பட்ட 74 ஜெர்மன் கப்பல்கள் ஆர்க்னியின் ஸ்காபா ஃப்ளோ நீர்ப்பரப்பில் நின்றன. 1919 ஜூன் 21 அன்று அவற்றின் மாலுமிகளே அடித்திறப்புகளைத் திறந்துவிட்டார்கள், 52 மூழ்கின. இன்ஜின் அறையில் வாழ்ந்தவன் என்பதால், தன் கையாலேயே கடல்நீரை உள்ளே விட்டவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பெரும்பாலானவற்றைப் பழைய இரும்புக்கு எடுத்துவிட்டார்கள், ஏழு பெரிய கப்பல்கள் இன்னும் அடியில் கிடக்கின்றன. இறங்கிப் பார்க்க முக்குளிப்பில் தேர்ச்சிச் சான்று வேண்டும். இல்லாதவர்களுக்கு ஊர் அருங்காட்சியகம் போதும். அது 1837இலிருந்து இருக்கிறது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? நான் சைவம். (திருவொற்றியூர் பாட்டி)

சமையலறையோடு கூடிய வீடாக எடுங்கள், பாட்டி. பருப்புப்பொடி கொண்டுபோகலாம். நெய் கூடாது, பால் பொருள்களை நம் நாட்டிலிருந்து உள்ளே விடமாட்டார்கள். அசைவக்காரர்களுக்கு நண்டு அருமை. மிளகு மட்டும் கையோடு இருக்கட்டும்.

எப்போது போகலாம்? (பழைய வண்ணாரப்பேட்டை)

மே முதல் ஆகஸ்ட் வரை. ஜூனில் பகல் 18 மணி நேரத்துக்கு மேல். தூக்கத்துக்குக் கண்மறைப்புத் துணி வேண்டும். டிசம்பரில் ஆறு மணி நேர வெளிச்சம்தான், போகாதீர்கள்.

ஸ்காரா பிரே என்ற ஐயாயிரம் ஆண்டுப் பழைய கற்குடியிருப்பையும் பார்த்துவிடுங்கள். 1850இல் ஒரு புயல் மணலை வாரிக்கொண்டு போனதால் வெளிப்பட்டது. கல்லாலான அலமாரிகூட அப்படியே நிற்கிறது.

அந்தத் தீவு நார்வேயுடையது என்கிறாரே என் மகன்? (மீண்டும் ஆசிரியை)

இருந்தது. 1468இல் டென்மார்க்-நார்வே அரசர் தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து அரசருக்குக் கட்டிக்கொடுக்க ஒப்பந்தம் செய்தார். சீதனப் பணம் கையில் இல்லை; 50,000 ஃபுளோரினுக்கு ஆர்க்னியை அடகு வைத்தார். இன்றுவரை மீட்கவில்லை.

குடை எடுத்துப்போக வேண்டுமா? (அதே பாட்டி)

வேண்டாம். பாரிமுனையில் வாங்கிய குடையை என் மனைவி அந்தத் தெருவில் ஒரே ஒருமுறை விரித்தாள். காற்று அதைத் திருப்பிப் போட்டு, கையிலிருந்து பிடுங்கி, ஒரு சந்து வழியாகக் கடலுக்கே கொண்டுபோய்விட்டது. படகில் இருந்த ஒருவர் கொக்கியால் இழுத்துக் கொடுத்தார், கம்பி மட்டும்தான் மிச்சம். தலையோடு மூடும் மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.