‘அவனுக்கு இருக்கா, இல்லையா?’

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு 24 வயது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்தில் பெற்றோரோடு இருக்கிறேன். ஏ.எல். முடித்துவிட்டு ஏழு மாதமாக ஒரு சமூக நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். எச்.ஐ.வி, பாலியல் நோய்கள் பற்றிப் பேசுவது, கொண்டம் கொடுப்பது, விரும்புகிறவர்களை டெஸ்ட் எடுக்கக் கூட்டிப்போவது, இதுதான் வேலை. ‘எயிட்ஸ் டீச்சர்’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பெண் பார்க்க வருவதாக இருந்த ஒரு குடும்பமும் வேண்டாம் என்றுவிட்டது. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். போன மாதம், கொழும்பில் கடை வேலை செய்யும் எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவரை கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். யாரோ பார்த்துவிட்டார்கள். அந்தப் பையனுக்கு எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணைப் பேசுகிறார்கள். தோட்டத் தலைவர் கேட்கிறார், என் அம்மாவே கேட்கிறார்: “அவனுக்கு இருக்கா, இல்லையா?” நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், ‘இருக்கு’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். என்ன சொல்வது? இந்த வேலையையே விட்டுவிடலாமா?

பதில்:

அன்பு மகளுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். நீங்கள் எழுதியது நான்கு பக்கம். நான்கு பக்கத்திலும் அந்தப் பையனுக்கு என்ன முடிவு வந்தது என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை. அவரை யாரென்றே தெரியாத எனக்குக்கூடச் சொல்லவில்லை. இந்த வேலைக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டுமோ அப்படிப்பட்டவர்தான் நீங்கள் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

சரி, அவசரமான கேள்விக்கு முதலில் வருகிறேன்.

உங்கள் மௌனம் ஏன் ‘இருக்கு’ என்று ஆகிறது? இதற்கு முன் வேறு யாரையாவது பற்றிக் கேட்டபோது, “சீச்சீ, அவருக்கு ஒன்றும் இல்லை” என்று நல்ல மனதோடு ஒரு தடவையாவது சொல்லியிருப்பீர்கள். நம்மில் அநேகம் பேர் அப்படித்தான் தொடங்குகிறோம். ஒருவருக்கு ‘இல்லை’ என்று சொன்ன வாய், அடுத்தவர் விஷயத்தில் மூடியிருந்தால் கேட்பவர் என்ன நினைப்பார்? அதனால் நல்ல செய்தியையும் சொல்லக் கூடாது. இல்லை என்று தெரிந்தாலும் சொல்லக் கூடாது. யார் கேட்டாலும், யாரைப் பற்றிக் கேட்டாலும், ஒரே பதில்: “நான் யாரைப் பத்தியும் சொல்ல மாட்டேன். நாளைக்கு நீங்க வந்தாலும் உங்களைப் பத்தி யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தலைவருக்கும் மனசுக்குள் ஒரு பயம் இருக்கலாம். அம்மாவுக்கும் தம்பியைப் பற்றி ஒரு கவலை இருக்கலாம். அந்த வாக்கியம் அங்கே போய்த் தைக்கும். முதல் மாதம் கோபப்படுவார்கள், “பெரிய ஆளாயிட்டா” என்பார்கள். அப்புறம் ஒருநாள், கேட்டவர்களில் ஒருவரே இருட்டின பிறகு வந்து உங்கள் வாசலில் நிற்பார்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல வருடம் குடும்பநல உத்தியோகத்தராக மலையேறி இறங்கியவள் நான். வேலைக்கு வந்த புதிதில், டவுன் கிளினிக்கில் பாலியல் நோய் ஒன்றுக்கு மருந்தெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பீலியடியில் கண்டேன். அக்கறையோடுதான் கேட்டேன்: “மருந்து முடிஞ்சிதா? திரும்பக் கிளினிக் போனீங்களா?” பக்கத்தில் ஐந்தாறு பேர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்ன மருந்து, எந்த கிளினிக் என்று நான் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன? பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறு வாரமே இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த மருந்தை அவர் எடுத்து முடித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பல வருடம் கழித்துப் பதுளை பஸ்ஸில் கண்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். தகரக் கூரையும் பொதுக் கக்கூசும் பொதுத் தண்ணீரும் உள்ள இடத்தில், ஒரு மனிதருக்குத் தனக்கென்று இருக்கிற ஒரே மறைவு இன்னொருவர் காக்கும் ரகசியம்தான். நம் மலையகத்தில் இந்த வேலையின் பெரும்பகுதி அதுதான் என்று நான் நம்புகிறேன். கொண்டம் எப்படிப் போடுவது என்று யாரும் கற்றுக்கொடுத்துவிடலாம்.

அடுத்தது அந்தக் கல்யாணப் பேச்சு. உங்களை உள்ளுக்குள் அரிப்பது இதுதான் என்று தெரிகிறது. ‘ஒரு பெண்ணின் வாழ்க்கை இருக்கிறதே, நான் பேசாமல் இருப்பது பாவமாகாதா?’

அந்தப் பெண்ணை நீங்கள் நினைப்பது சரியானது. ஆனால் அவரைக் காப்பாற்றும் வழி தலைவரின் காது வழியாகப் போவதில்லை. பையனிடம் நேரே பேசுங்கள். கல்யாணம் பேசுவது பற்றிக் கிளினிக்கில் சொன்னாரா என்று கேளுங்கள். சொல்லவில்லை என்றால் திரும்பக் கூட்டிப்போங்கள். துணைக்கு எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது, இருவரும் சேர்ந்து டெஸ்ட் எடுப்பது எப்படி என்று உட்கார்ந்து பேசுவதற்கு அங்கே ஆள் இருக்கிறார்கள். அது அவர்களுடைய பொறுப்பு. அதை நீங்கள் தோளில் தூக்க வேண்டாம். பெண் வீட்டாரிடம் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால், எல்லாருக்கும் சொல்வதைச் சொல்லுங்கள்: கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையும் பெண்ணும் இருவருமே டெஸ்ட் எடுப்பது நல்லது. ஜாதகம் பார்க்க இருவர் குறிப்பும் வேண்டும்தானே?

இனி ஒருவரைக் கூட்டிப்போனால் வெளியே பெஞ்சில் இருங்கள். முடிவை அவர் தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகக் கேட்காதீர்கள். தெரியாததை யாராலும் உங்களிடமிருந்து பிடுங்க முடியாது. போகும்போதும் ஒரே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து போகாதீர்கள். கிளினிக் வாசலில் சந்தியுங்கள்.

இதைப் படிக்கிற, கிளினிக் பக்கம் போகப் பயப்படுகிறவர்களுக்கும் இரண்டு வரி. அரசாங்கத்தின் பாலியல் நோய் கிளினிக்குகள் நுவரெலியா, பதுளை, கண்டி என்று நம் பக்கமெல்லாம் இருக்கின்றன. டாக்டரின் துண்டு வேண்டாம், காசு வேண்டாம். விவரத்தை வெளியே விட மாட்டார்கள். மொழி ஒரு தொல்லைதான். தமிழ் தெரிந்தவர் அன்றைக்கு இல்லாவிட்டால் பாதிப் பேர் கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிடுகிறார்கள். உங்களைப் போன்ற ஒரு பிள்ளை பக்கத்தில் இருப்பதன் பெறுமதி அங்கேதான். பயமான ஒரு சம்பவம் நடந்து 72 மணித்தியாலத்துக்குள் என்றால் கட்டாயம் ஓடுங்கள். 28 நாள் குளிசை எடுத்துத் தொற்றைத் தடுக்கும் வழி உண்டு. அதேபோல் இன்று ‘இல்லை’ என்று வரும் முடிவு நேற்று நடந்ததற்குப் பதில் ஆகாது. உடம்பில் காட்ட வாரக்கணக்கு ஆகும். நிச்சயமாகச் சொல்ல, டெஸ்டைப் பொறுத்து, மூன்று மாதம்கூட வேண்டும்.

தோட்டத்தில் எப்படிப் பேசுவது என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தீர்கள். மாமிமாரிடம் இப்படித் தொடங்குங்கள்: “உங்க மருமகள் பிள்ளைத்தாய்ச்சியா இருக்கப்ப கிளினிக்ல ரத்தம் எடுத்தாங்களே, எதுக்குன்னு தெரியுமா?” கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி டெஸ்டும் சிபிலிஸ் டெஸ்டும் எடுக்கிறார்கள். அதனால்தான் தாயிடமிருந்து பிள்ளைக்கு இவ்விரண்டும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்று தந்தது. எயிட்ஸ் டெஸ்ட் என்றால் முகம் சுளிக்கிற லயத்தில், தாயானவர்களில் அநேகம் பேர் அதை எடுத்து முடித்தவர்கள். அதில் நம் கொழுந்துப் பெண்களுக்கும் பங்கு உண்டு. இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

அட்டை கடித்தால் வருமா என்று கேட்பார்கள். சிரிக்காதீர்கள். நாள் முழுக்க மலையில் நிற்பவர்களுக்கு அது நியாயமான கேள்வி. அட்டைக்கடியால் யாருக்கும் வந்ததாக மருத்துவம் அறியவில்லை. நுளம்பால் வராது. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தால் வராது, பொதுக் கக்கூசால் வராது. பாதுகாப்பில்லாத உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, தாயிடமிருந்து பிள்ளைக்கு, இவ்வளவுதான். வெளிநாடு போய் வந்த பெண்களைச் சந்தேகமாகப் பேசுவதை எங்கே கேட்டாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். வளைகுடாவுக்குப் போகுமுன் மெடிக்கலில் எச்.ஐ.வி டெஸ்ட் எடுத்துத்தான் அவர்களை அனுப்புகிறார்கள். பேசுகிற ஆண்களில் எத்தனை பேர் ஒரு தடவையாவது எடுத்தார்கள்?

ஆண்களோடு உறவு வைக்கிற ஆண்கள் உங்களிடம் வரத் தயங்குவார்கள். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் அப்படிப்பட்ட உறவைக் குற்றமாக்கி அவர்கள் தலைக்கு மேல் தொங்குகின்றன. ஊரின் ஏளனம் அதற்கும் மேல். அவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் கொண்டத்தைக் கொடுங்கள், கிளினிக் நேரத்தைச் சொல்லுங்கள்.

‘இதெல்லாம் வெளியில் பேசுற பேச்சா?’ என்று பெரியவர்கள் அதட்டினால் காமன் கூத்தை நினைவுபடுத்துங்கள். மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி, மன்மதனையும் ரதியையும் சோடித்து, பிள்ளைகுட்டிகளோடு உட்கார்ந்து பார்க்கிற ஊர் நம்முடையது. ரதி ஒப்பாரி வைக்கும்போது நம் கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். ஆசையையும் அதனால் வரும் துயரத்தையும் தப்பு மேளம் அடித்துப் பாடிய மக்களுக்கு அதைப் பேசத் தெரியாது என்று நான் நம்ப மாட்டேன்.

ஏற்கெனவே தொற்றோடு இருக்கிறவரைக் கண்டால் இதைச் சொல்லுங்கள்: இப்போது பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரு குளிசைதான். அதை விடாமல் எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றால், உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. கல்யாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம். குளிசைப் போத்தலை லயத்தில் எங்கே வைப்பது என்பதுதான் அவர்களுடைய பெரிய கவலையாக இருக்கும். வேறு போத்தலில் மாற்றலாமா என்று கிளினிக்கில் கேட்டுச் சொல்லுங்கள்.

வேலையை விடுவதா? விட வேண்டாம் என்பதே என் எண்ணம். ஆனால் இப்படியே தொடரவும் வேண்டாம். உங்கள் சொந்தத் தோட்டத்தில் டெஸ்டுக்குக் கூட்டிப்போகும் வேலையை உங்களிடம் கொடுத்ததே நிறுவனத்தின் பிழை. கூட்டங்களை அங்கே நீங்கள் நடத்துங்கள். கூட்டிப்போகும் வேலையை வேறு தோட்டத்திலிருந்து வரும் ஒருவர் பார்க்கட்டும், நீங்கள் அவருடைய தோட்டத்தைப் பாருங்கள். ரகசியம் காப்பது பற்றி நிறுவனம் எழுத்தில் ஒரு விதி தரவேண்டும். தலைவர் கேட்கும்போது அந்தக் கடதாசியை நீட்டலாம். மனம் பாரமாகும்போது நீங்கள் பேசுவதற்கு மேலே ஓர் ஆள் வேண்டும் என்றும் கேளுங்கள். தயங்காதீர்கள், இது சலுகை இல்லை.

வேண்டாம் என்று போன அந்த மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. போகட்டும்.

தலைவரிடம் தனியாகப் போகாதீர்கள், உங்கள் பக்கத்து மிட்வைஃபையும் கூட்டிக்கொண்டு போங்கள். பையனிடம் இந்த வாரமே பேசுங்கள், லயத்தில் வேண்டாம். அம்மாவிடம் இன்றிரவு சொல்லுங்கள். கோபமாகச் சொல்ல வேண்டாம், அடுப்படியில் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டே சொல்லுங்கள்: “அம்மா, நீங்க வந்தாலும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”