புரதத்தைக் குறைத்தால் புற்றுக்கட்டி பட்டினியால் சுருங்குமா?

கட்டி, புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களை உறிஞ்சித்தான் வளர்கிறது என்றால், உணவில் புரதத்தைக் குறைத்து அதைப் பட்டினி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாருக்கோ சிகிச்சை நடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான் மருத்துவர் அல்லன். ஆனால் இதே பட்டினியை ஆய்வகத்தில் பல மாதங்கள் அருகிலிருந்து பார்த்தவன்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது, புற்றணுக்களைத் தாக்கும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிட்டு, பாதியை வழக்கமான ஊட்டத் திரவத்திலும் மீதியை அர்ஜினின் என்ற அமினோ அமிலம் இல்லாத திரவத்திலும் வளர்த்தேன். மூன்றாம் நாளன்று, வழக்கமான திரவம் இருந்த தட்டில், செல்கள் பெருகுவதற்கு அடையாளமாகத் திரவம் மஞ்சளாகியிருந்தது, செல்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டிருந்தன. மற்றதில் திரவத்தின் சிவப்பு மாறவே இல்லை, செல்கள் தனித்தனியே கிடந்தன. அவை செத்துவிட்டன என்று மூத்தவர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் முடித்துவிட்டார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஏனென்றால் செத்த செல்களுக்குள் மட்டுமே ஏறும் ட்ரிப்பான் நீலச் சாயம் அவற்றுள் ஏறவில்லை. உயிரோடு இருந்தும் அவற்றால் பிரிந்து பெருக முடியவில்லை. அர்ஜினினைத் திரும்பச் சேர்த்த இரண்டே நாளில் அங்கும் கொத்துகள் தோன்றின.

தட்டில் நடந்ததை உடலுக்கு அப்படியே பொருத்துகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கட்டிக்குள்ளும் இதுதான் நடக்கிறது என்பதற்குத் தனிச் சான்றுகள் உண்டு. கட்டியைச் சூழ்ந்திருக்கும் சில எலும்பு மஜ்ஜை வழி அணுக்கள் அர்ஜினேஸ் என்ற நொதியால் அர்ஜினினைச் சிதைக்கின்றன. ஐடிஓ1 என்ற இன்னொரு நொதி, ட்ரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தை, டி செல்களை அடக்கும் கைனுரெனினாக மாற்றுகிறது. டி செல்களுக்கு உணவும் குறைகிறது, அவற்றை அடக்கும் பொருளும் கூடுகிறது. இந்த ஐடிஓ1ஐத் தடுத்தால் கருவுற்ற எலிகளின் உடல், தந்தைவழி மரபு கலந்த கருவை நிராகரிக்கிறது என்பது 1998இல் தெரியவந்தது. கருவைக் காக்கும் அந்த ஏற்பாட்டையே கட்டியும் பயன்படுத்திக்கொள்கிறது. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலும் போட்டி உண்டு. புற்றணுக்கள் அதை முந்திக்கொண்டு உள்ளே இழுத்துக்கொள்வதால் டி செல்கள் வலுவிழக்கின்றன என்று 2020இல் காட்டப்பட்டது.

ஆகவே களையான கட்டிக்குப் பாயும் நீரை அடைத்தால், பயிரான டி செல்கள்தான் முதலில் வாடும். மேலும், உணவில் புரதம் குறைந்தால் உடல் தன் தசையைக் கரைத்து இரத்தத்தின் அமினோ அமில அளவைத் தாங்கிப் பிடிக்கும், நோயாளிதான் மெலிவார்.

அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும் அஸ்பராஜினேஸ் மருந்து ஒருவகை இரத்தப் புற்றில் பலன் தருகிறதே என்று யாராவது கேட்பார்கள். உண்மைதான். அந்த நோயில் புற்றணுக்களால் அஸ்பராஜினைத் தாமே போதிய அளவு தயாரிக்க முடிவதில்லை. அந்தக் குறையைக் குறிவைத்துத் தரப்படும் மருந்து அது, பத்தியம் அன்று. மருந்திலும் எல்லாம் பலிப்பதில்லை: மெலனோமா என்ற தோல் புற்று உள்ள நோயாளிகள் 700க்கும் மேற்பட்டோரிடம், ஐடிஓ1ஐத் தடுக்கும் எபகாடோஸ்டாட்டை, டி செல்களின் தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்துடன் சேர்த்துக் கொடுத்த ஆய்வு, கூடுதல் பலன் இல்லை என்று 2018இல் முடிந்தது.

ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கம் புற்றுநோயாளிக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 கிராமுக்கு மேல், இயன்றால் 1.5 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறலாம். அதைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த முறை போகும்போது, கடந்த மாதங்களின் எடைக் குறிப்பையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.