எஃப்.சி. வாங்கிய பழைய காரில் பழுது: பொறுப்பு யாருடையது?

கேள்வி: 2009இல் பதிவான ஒரு சிறிய காரை, எங்கள் ஊர்க் கார் கன்சல்டிங் ஒன்றில் 1,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். 15 ஆண்டு முடிந்து, 2024இல் எஃப்.சி. காட்டி, 2029 வரை ஆர்.சி. புதுப்பிக்கப்பட்டிருந்தது. அதைக் காட்டித்தான் விற்றார்கள். பெயர் மாற்றமும் முடிந்துவிட்டது. மூன்றாவது வாரத்தில் பிரேக் பெடல் அடிவரை இறங்கியது. மெக்கானிக் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது, பிரேக் குழாய் துருப்பிடித்துக் கசிந்திருந்தது. அடிச்சட்டம் துருவால் அரிக்கப்பட்டிருந்த இடத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்து, மேலே கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். சரிசெய்ய 60,000 ரூபாய் ஆகுமாம். “ஆர்.டி.ஓ. பாஸ் செய்த வண்டி, நீங்களும் ஓட்டிப் பார்த்தீர்கள், ரசீதில் ‘உள்ள நிலையில்’ என்று எழுதியிருக்கிறது” என்கிறார் விற்றவர். நான் யார்மீது வழக்குத் தொடர முடியும்?

பதில்: வழக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காரை இனி ஓட்டாதீர்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விடும் அவசரத்துக்குக்கூட எடுக்காதீர்கள். குறையுள்ள வண்டி என்று தெரிந்தும் பொது இடத்தில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 190ஆம் பிரிவின்படி 1,500 ரூபாய் அபராதத்துக்குரிய குற்றம். அந்தக் குறையால் விபத்து நேர்ந்து ஒருவர் காயப்பட்டால் மூன்று மாதம் வரை சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம். மெக்கானிக் உங்களிடம் சொன்ன நாளிலிருந்து ‘எனக்குத் தெரியாது’ என்று நீங்கள் சொல்ல இயலாது. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் விளக்குகிறேன்.

சொந்தப் பயன்பாட்டுக் கார் முதல் 15 ஆண்டுகளுக்குத் தகுதிச் சோதனைக்கே வர வேண்டியதில்லை. அதன் பிறகுதான், 41ஆம் பிரிவின்கீழ், வண்டியைப் பார்வையிட்டுப் பதிவை ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கிறார்கள். மக்கள் இதையே ‘எஃப்.சி. காட்டுவது’ என்கிறார்கள். ‘2029 வரை’ என்ற சொல்லைப் பலரும் அதுவரை வண்டி நன்றாக ஓடும் என்ற உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறார்கள்; உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. உண்மையில் அந்தத் தேதி பதிவின் காலாவதித் தேதி மட்டுமே. மோட்டார் வாகன ஆய்வாளர் அன்று, அந்த இடத்தில், பூச்சைச் சுரண்டாமல், எதையும் கழற்றாமல், கண்ணுக்குத் தெரிந்த அளவில் வண்டி சாலையில் செல்லத் தக்கது என்று கண்டார் என்பதற்கு மேல் அந்தச் சான்று எதையும் சொல்வதில்லை.

இதிலிருந்து உங்கள் கேள்விக்கான விடையின் இரு பக்கங்களும் கிடைக்கின்றன. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின்மீது இழப்பீட்டு வழக்குத் தொடர்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அவர்கள் உங்களுக்குக் கட்டணச் சேவை எதையும் விற்கவில்லை, சட்டம் விதித்த கடமையைச் செய்தார்கள். அதே சமயம், அந்தச் சான்று விற்றவருக்கும் கவசம் ஆகாது. அரசு அலுவலர் ஒருவர் ஓராண்டுக்கு முன் பார்த்தது, வணிகர் தாம் விற்கும் பொருளுக்கு ஏற்க வேண்டிய பொறுப்பை நீக்கிவிடும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை.

உங்கள் வலுவான ஆதாரம் அந்த வெல்டிங் தகடுதான். சரக்கு விற்பனைச் சட்டம், 1930இன் 16ஆம் பிரிவின்படி, ஒரு வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும். வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. நீங்கள் தெருவில் ஓட்டிப் பார்த்ததில் இருக்கைக் கிழிசலும் கியர் இறுக்கமும் தெரிந்திருக்கும். பூச்சுக்கு அடியில் உள்ள துரு தெரிந்திருக்காது. 16 வயதான காரில் ஏ.சி. குளிராததற்கும் கிளட்ச் தேய்ந்ததற்கும் வழக்குப் போட்டால் நீதிமன்றம் ஏற்பது கடினம், அது நியாயமும்கூட. பிரேக்கும் அடிச்சட்டமும் அப்படிப்பட்டவை அல்ல. உயிர் அவற்றை நம்பியிருக்கிறது.

‘உள்ள நிலையில்’ என்ற வரியை அலட்சியம் செய்ய வேண்டாம். மேலே சொன்ன தரம் போன்ற, எழுதாமலே சட்டம் சேர்த்துக்கொள்ளும் மறைமுக நிபந்தனைகளை வெளிப்படையான உடன்பாட்டினால் விலக்கிக்கொள்ள, சரக்கு விற்பனைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் குறையை அறிந்தே மறைத்திருந்தால், அது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 17ஆம் பிரிவு கூறும் மோசடி ஆகும். மோசடியை ரசீதில் எழுதிய ஒரு வரி காப்பாற்றாது. வெறுமனே பேசாமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது என்றாலும், துருவின்மேல் பூச்சு அடிப்பது பேசாமல் இருப்பதல்ல, செயலால் மறைப்பது. ஆகவே அந்தப் பூச்சை அடித்தது யார், எப்போது என்பதே வழக்கின் மையம். 2024 ஆய்வின் பதிவேட்டு நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வெல்டிங்கின் வயதைப் பற்றிப் பெரிய பட்டறை ஒன்றின் எழுத்துமூல அறிக்கையையும், தேதியுள்ள புகைப்படங்களையும் பெறுங்கள். அதுவரை பழுது பார்க்காதீர்கள். பிறகு பார்த்தாலும் கழற்றிய குழாயையும் தகட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

மோசடி நிரூபணமானால் ஒப்பந்தத்தையே ரத்து செய்து முழுப் பணத்தையும் கோரலாம். ஆனால் குறை தெரிந்த பிறகும் காரைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், விற்பனையை நீங்களே ஏற்றுக்கொண்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஓட்டாதீர்கள் என்றதற்கு நான் பிறகு விளக்குவதாகச் சொன்ன காரணம் இதுதான். மோசடியை நிரூபிக்க முடியாமல் தரக்குறைவு மட்டும் நின்றால், பொருளை ஏற்று மூன்று வாரம் பயன்படுத்தியவருக்கு இழப்பீடுதான் கிடைக்கும், அதாவது பழுதுச் செலவு. எனவே முதன்மைக் கோரிக்கையாகப் பணத்தைத் திருப்பித் தருவதையும், மாற்றுக் கோரிக்கையாகப் பழுதுச் செலவையும் மன உளைச்சலுக்கான தொகையையும் கேளுங்கள். பெயர் உங்களுக்கு மாறிவிட்டதால், ஆர்.சி.யைத் திரும்ப மாற்றிக்கொள்ளவும் உத்தரவு கேளுங்கள்.

முதலில் விற்றவருக்கு 15 நாள் அவகாசம் தந்து ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அவர் 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன வணிகருக்குத் தேவையான அங்கீகாரச் சான்றைப் போக்குவரத்துத் துறையிடம் பெற்றிருக்கிறாரா என்பதையும் அதிலேயே கேளுங்கள். பெறாதவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியிலேயே சமரசத்துக்கு வருவார்கள் என்பது என் அனுபவம். பதில் வராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கல் செய்யுங்கள். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை.

இதே நிலையில் இருக்கும் வேறு சிலர், கன்சல்டிங் அல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரிடமோ உறவினரிடமோ கார் வாங்கியிருப்பார்கள். அவர் வணிகர் அல்ல என்பதால் நுகர்வோர் ஆணையம் அவர்களுக்குப் பொருந்தாது. மோசடியை நிரூபித்து உரிமையியல் நீதிமன்றத்தில்தான் நிவாரணம் கேட்க வேண்டும். அதற்கு மோசடி தெரிய வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.