தலைக்கவசம் எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்த ரிமோட்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் யூடியூபில் ஒரு பழைய காணொளியைப் பார்த்தேன். ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோவின் அடுத்த கன்சோல், அதாவது தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் பெட்டி, இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி 2005இல் யாரோ தயாரித்தது. தலையில் ஒரு கவசத்தை மாட்டிக்கொண்டால் விளையாட்டுக்குள்ளேயே போய்விடலாமாம். அன்று பலரும் அதை உண்மையென்று நம்பியிருக்கிறார்கள். கடைசியில் வந்ததோ வீ கன்சோலும் கையில் பிடிக்கும் ஒரு ரிமோட்டும். இன்றும் எந்தக் கன்சோல் வரப்போகிறது என்றாலும் கையில் பிடித்து ஆடும் அதன் கன்ட்ரோலர் எப்படி இருக்கும் என்று நானும் நண்பர்களும் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறோம். "வரும்போது பார்த்துக்கொள்ளலாமே, அதற்குள் என்னடா அவசரம்" என்கிறார் என் அண்ணன். எனக்கு இரண்டு கேள்விகள். அத்தனை பேர் கூடி யோசித்தும் அந்த ரிமோட் ஒருவருக்கும் தோன்றாமல் போனது ஏன்? நன்றாகப் பழகிப்போன கன்ட்ரோலரை நின்டெண்டோ ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறது?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

ஒருவருக்குமே தோன்றவில்லை என்று சொல்லிவிட முடியாது. கன்ட்ரோலரைச் சாய்த்தும் வீசியும் ஆடும்படி இருக்கலாம் என்று அந்த ஆண்டின் நடுவிலேயே எழுதியவர்கள் உண்டு. அசைவை அறியும் கருவிகளுக்கான காப்புரிமைகளை வைத்திருந்த ஜைரேஷன் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கும் நின்டெண்டோவுக்கும் தொடர்பு இருந்தது ரகசியம் அல்ல. நின்டெண்டோவின் விளையாட்டுகளிலேயே, சாய்த்தால் உருளும் கிர்பி 2000இலும், கருவியையே சுழற்றி ஆடும் வாரியோவேர் 2004இலும் ஜப்பானில் வந்துவிட்டன. ஆகவே தொழில்நுட்பத்தைப் பலர் ஏறக்குறையச் சரியாகவே ஊகித்தார்கள். அந்தத் தொழில்நுட்பம் யாருடைய கைக்காகச் செய்யப்படுகிறது என்பதை ஊகிப்பதில்தான் தவறினார்கள்.

நடந்ததைக் கொஞ்சம் சொல்கிறேன். 2005 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் ஈ3 என்ற வீடியோ கேம் கண்காட்சி நடந்தது. 16ஆம் தேதி சோனி தன் பிளேஸ்டேஷன் 3ஐயும், பூமராங்கைப் போல வளைந்த ஒரு கன்ட்ரோலரையும் காட்டியது. மறுநாள் மேடைக்கு வந்த நின்டெண்டோவின் தலைவர் சதோரு இவாட்டா, டிவிடி உறைகள் மூன்றை அடுக்கிய பருமனே உள்ள ஒரு கறுப்புப் பெட்டியை உயர்த்திக் காட்டினார். பின்னாளில் வீ ஆனது அதுதான்; 'ரெவல்யூஷன்' என்பது அப்போது அதன் தற்காலிகப் பெயர். கன்ட்ரோலரை மட்டும் காட்டவில்லை. முன்கூட்டியே காட்டினால் போட்டியாளர்கள் பார்த்துச் செய்துவிடுவார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது.

அந்தச் சந்தேகத்துக்கு நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். கட்டைவிரலால் தள்ளும் அனலாக் ஸ்டிக்கை நின்டெண்டோ 64 கன்சோலோடு 1996இலும், கையில் அதிரும் ரம்பிள் பேக்கை 1997இலும் அவர்கள் கொண்டுவந்தார்கள். அதே 1997இல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த டூயல்ஷாக் சோனியிடமிருந்து வந்துவிட்டது. இன்னொரு வேடிக்கை, அந்தப் பூமராங் கடைக்கு வரவே இல்லை. அடுத்த ஆண்டுக் கண்காட்சியில் அதை எடுத்துவிட்டுப் பழைய வடிவிலேயே ஒன்றைக் காட்டினார்கள். அதில் அசைவை அறியும் வசதி புதிதாகச் சேர்ந்திருந்தது.

கன்ட்ரோலர் இல்லாத அந்த நான்கு மாத இடைவெளியைத்தான் ஊகங்கள் நிரப்பின. நீங்கள் பார்த்த காணொளி ஸ்பெயின் நாட்டு ரசிகர் ஒருவர் செய்தது. அது கண்காட்சிக்குச் சற்று முன்னாலேயே வெளிவந்துவிட்டது. அதைத் தவிர, பொத்தானே இல்லாமல் முழுவதும் தொடுபரப்பாக இருக்கும் கன்ட்ரோலர், அறைச் சுவரெல்லாம் படம் விழச்செய்யும் கருவி என்று பலவிதமாகச் சொன்னார்கள். இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. ஏற்கெனவே விளையாடுகிறவன், ஏற்கெனவே பத்துப் பொத்தான்களைப் பார்க்காமலே அழுத்தத் தெரிந்தவன், இன்னும் ஆழமாக விளையாட்டுக்குள் போக என்ன வேண்டும் என்பதிலிருந்தே அவை தொடங்கின. ஊகித்தவர்கள் எல்லாரும் அப்படிப்பட்ட விளையாட்டுக்காரர்கள் என்பதால் தங்களுக்கு வேண்டியதையே நின்டெண்டோவும் செய்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். போதாக்குறைக்கு, முகத்தை உள்ளே வைத்துச் சிவப்பு நிறத்தில் மட்டும் படம் பார்க்கும் வர்ச்சுவல் பாய் என்ற கருவியை 1995இல் வெளியிட்டு, 8 லட்சம்கூட விற்காமல் ஓராண்டுக்குள் கைவிட்ட நிறுவனம் அது. சூடு கண்ட பூனை அடுப்படி சேராது என்பதையாவது அவர்கள் யோசித்திருக்கலாம்.

விடை வேறோர் இடத்தில் கண்ணெதிரே கிடந்தது. இவாட்டா அந்தக் கறுப்புப் பெட்டியைக் காட்டி இரண்டு நாள் கழித்து, மே 19 அன்று, நின்டெண்டோ டிஎஸ் என்ற இரட்டைத் திரைக் கையடக்கக் கருவிக்கான மூளைப் பயிற்சி விளையாட்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதைத் திறந்தால் கருவியைப் புத்தகம் போலப் பக்கவாட்டில் திருப்பிப் பிடிக்கச் சொல்லும். ஒரு பக்கத்தில் எளிய கூட்டல், கழித்தல், பெருக்கல் கணக்குகள் வரிசையாக வரும். மறுபக்கத்தில் எழுதுகோலால் விடையை எழுத வேண்டும். இன்னொரு பயிற்சியில் 'நீலம்' என்ற சொல் சிவப்பு மையில் வரும், நாம் வாய்விட்டு நிறத்தைச் சொல்ல வேண்டும். குதிப்பதும் சுடுவதும் இல்லை, விரல் வேகம் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். வீடியோ கேம் பக்கமே எட்டிப் பார்க்காத முதியவர்களும் இல்லத்தரசிகளும் அதை வாங்கினார்கள். விளையாடுகிறவர்களின் தொகை ஜப்பானில் குறைந்துகொண்டே வருகிறது, விளையாடாதவர்களைக் கொண்டுவந்தால்தான் இந்தத் தொழிலுக்குப் பிழைப்பு என்று இவாட்டா அந்த நாட்களில் பேசிய மேடைகளிலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ரசிகர்கள் காப்புரிமை ஆவணங்களைத் துருவிய அக்கறையில் பாதியை அந்தப் பேச்சுகளில் காட்டியிருந்தால் ரிமோட்டின் வாசலுக்காவது போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

2005 செப்டம்பர் 16 அன்று, தோக்கியோ கேம் ஷோவில் கன்ட்ரோலரைக் காட்டினார்கள். அப்போது திரையிட்ட குறும்படத்தில் விளையாட்டுக் காட்சி ஒன்றுகூட இல்லை. கேமரா தொலைக்காட்சியின் பக்கம் திரும்பாமல் அதன் எதிரே இருக்கும் மனிதர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் தூண்டில் போடுகிறார், ஒருவர் காய் நறுக்குகிறார், ஒருவர் பல் மருத்துவராகிக் குனிகிறார், ஒருவர் பூச்சியை அடிக்க ஓங்குகிறார். கையில் இருப்பது எல்லார் வீட்டிலும் கிடக்கிற தொலைக்காட்சி ரிமோட்டைப் போன்ற ஒன்று. பத்துப் பொத்தான் கன்ட்ரோலரை நீட்டினால் "எனக்கு வேண்டாம்பா" என்று விலகுகிற அதே பாட்டி, தொடர் நேரத்தில் ரிமோட்டுக்குச் சண்டைக்கே வருவார். அந்த ஒரு வேறுபாட்டின்மேல்தான் அவர்கள் பந்தயம் கட்டினார்கள்.

உள்ளே இருந்த பொறியியல் வியப்பூட்டும் அளவுக்கு எளியது, விலையும் மலிவு. கையின் வீச்சையும் சாய்வையும் அறிய முடுக்கமானி ஒன்று. முன்முனையில் அகச்சிவப்புக் கேமரா ஒன்று. தொலைக்காட்சியின்மேல் வைக்கும் சென்சார் பார் எதையும் உணர்வதே இல்லை. அதன் இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன, அவ்வளவுதான். பார்க்கிற வேலையை ரிமோட்டின் கேமரா செய்கிறது. இரண்டு ஒளிப்புள்ளிகள் தன் பார்வையில் எங்கே விழுகின்றன என்பதைக் கொண்டு நாம் திரையில் எந்த இடத்தைச் சுட்டுகிறோம் என்பதையும், புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கொண்டு எவ்வளவு தொலைவில் நிற்கிறோம் என்பதையும் கணக்கிடுகிறது. அந்தப் பட்டை பழுதாகிப்போனால் அதன் நீளத்துக்கு இடைவெளி விட்டு இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்தாலும் ரிமோட் வேலை செய்யும். இது கதையல்ல, செய்து பார்க்கலாம்; திரைச்சீலை பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எல்லையும் இருந்தது. முடுக்கமானியால் கையின் சுழற்சியை முழுமையாகப் பின்தொடர முடியாது. வீக்கான வீ ஸ்போர்ட்ஸ் என்ற விளையாட்டின் டென்னிஸில் எழுந்து நின்று மட்டையை முழுக்கச் சுழற்ற வேண்டியதில்லை. சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினாலே பந்து பறக்கும் என்பதை ஒரு மாலை ஆடியவர்கள் கண்டுகொண்டார்கள். 'உள்ளே கைரோஸ்கோப் இருக்கும்', அதாவது சுழற்சியை அளக்கும் உணரி இருக்கும், என்று 2005இல் அடித்துச் சொன்னவர்கள் எதிர்பார்த்த துல்லியம், மோஷன்பிளஸ் என்ற துணைக்கருவியாக 2009இல்தான் வந்தது. இந்தக் குறை விற்பனையைத் தொடவே இல்லை என்பது கவனிக்க வேண்டியது. முதன்முறை ஆடுகிறவருக்குத் துல்லியத்தைவிட, தான் கையை வீசியதும் பந்து பறந்துவிட்டது என்ற நிறைவே பெரிதாக இருந்தது. வீசிய வேகத்தில் ரிமோட் கைநழுவித் தொலைக்காட்சியை உடைத்த சம்பவங்கள் பெருகி, மணிக்கட்டுப் பட்டையை மாற்றித் தருவதாக நிறுவனம் 2006 டிசம்பரில் அறிவிக்க நேர்ந்ததும் அந்த உற்சாகத்தால்தான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நின்டெண்டோ மாற்றிக்கொண்டே இருப்பதை மேதைமை என்று புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பெரும்பாலும் நெருக்கடியாகவே தெரிகிறது. பிளேஸ்டேஷன் 2 விற்பனை 15 கோடியைத் தாண்டிய தலைமுறையில் அவர்களுடைய கேம்க்யூப் சுமார் 2.17 கோடியோடு நின்றது. அடுத்த சுற்றில் சோனியோடும் மைக்ரோசாஃப்ட்டோடும் கணிப்பொறித் திறனில் மோதுவதற்குப் பெரும் பணம் வேண்டும். மோதினாலும் மூன்றாம் இடமே கிடைத்திருக்கும். கன்ட்ரோலரை மாற்றுவதற்கு அவ்வளவு செலவில்லை. வீயின் உள்ளே இருந்தது கேம்க்யூபின் மேம்பட்ட வடிவம்தான். உயர்துல்லியப் படம்கூட அதில் கிடையாது. அதனால்தான் பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 499, 599 டாலர்களுக்கு விற்ற அதே 2006 நவம்பரில், வீ ஸ்போர்ட்ஸையும் சேர்த்து 250 டாலருக்குத் தர முடிந்தது. 10 கோடிக்கு மேல் விற்றது.

கட்டுப்பாட்டை மாற்றினாலே வெற்றி என்றும் இல்லை. நடுவில் 6.2 அங்குலத் திரையை வைத்த கன்ட்ரோலரோடு 2012இல் வந்த வீ யூ 1.35 கோடியைத்தான் எட்டியது. ரிமோட்டைக் கையில் எடுத்த உடனே என்ன செய்ய வேண்டும் என்பது எவருக்கும் விளங்கியது. இரண்டு திரைகளில் எதைப் பார்ப்பது என்பது பழகியவர்களுக்கே குழப்பமாக இருந்தது. மைக்ரோசாஃப்ட்டும் 2010இல் உடலசைவைக் கேமராவால் அறியும், கன்ட்ரோலரே வேண்டாத கினெக்ட்டைக் கொண்டுவந்து, அடுத்த கன்சோலில் அதைக் கட்டாயமாக்கி, விலை கூடியதால் 2014இல் தனியே பிரித்துவிட்டது. என் கணிப்பில் கினெக்ட்டின் குறை விலை மட்டுமல்ல. கையில் பிடிக்க ஒன்றும் இல்லாதபோது மனிதர்களுக்கு ஆடுகிற உணர்வு பாதிதான் வருகிறது.

அண்ணன் சொல்வதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது, ஏனென்றால் இன்று நடப்பது பெரும்பாலும் ஊகமே அல்ல, கசிவு. நின்டெண்டோவின் கன்சோலான ஸ்விட்ச் 2 விஷயத்தில், அதன் இருபுறமும் காந்தத்தால் ஒட்டும் சிறு கன்ட்ரோலர்களான ஜாய்கான்கள் பற்றி அறிவிப்புக்கு முன்பே எல்லாரும் பேசினார்கள். 2025 ஜனவரி 16 அன்று வந்த சிறு காணொளியில் ஜாய்கான்கள் தரையில் வழுக்கிப் போவதைக் கண்டதும், அவற்றைக் கணினி மௌஸ் போலவும் பயன்படுத்தலாம் என்பதை உடனே சொல்லிவிட்டார்கள். ஏப்ரலில் அது உறுதியாயிற்று. சுடும் விளையாட்டுகளும் வியூக விளையாட்டுகளும் எளிதாகும் என்பதே அப்போது பெரும்பாலோரின் எதிர்பார்ப்பு, அதாவது மேசைக் கணினியில் ஏற்கெனவே ஆடுவதை இங்கும் ஆடலாம் என்பது. ஆனால் ஆகஸ்டில் நின்டெண்டோ வெளியிட்ட டிராக் எக்ஸ் டிரைவ் என்ற விளையாட்டோ சக்கர நாற்காலிக் கூடைப்பந்து. இரண்டு ஜாய்கான்களையும் இரண்டு மௌஸ்களாக மேசையிலோ தொடையிலோ வைத்து, நாற்காலியின் இரு சக்கரங்களைக் கைகளால் தள்ளுவதுபோல முன்னே உந்த வேண்டும். திரும்புவதற்கு ஒரு பக்கத்தை மட்டும் உந்த வேண்டும். பந்தை எறியக் கையைத் தூக்கி வீச வேண்டும். மௌஸ் இருக்கும் என்று முதல் நாளே கண்டுபிடித்தவர்களின் ஊகங்களில் நான் படித்த வரையில் இப்படி ஒன்று இல்லை. விளையாட்டாக அது சுமார்தான், சிறிது நேரத்தில் தோள்கூட வலிக்கும். ஆனால் அடுத்த கன்சோலைப் பற்றி நீங்களும் நண்பர்களும் பேச உட்காரும்போது, உள்ளே என்ன சில்லு இருக்கும் என்பதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, அதை வைத்துக் கைகளுக்கு என்ன வேலை கொடுப்பார்கள் என்பதைப் பேசுங்கள். அந்தப் பேச்சு எப்படிப் போகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.