வாசகர் கேள்வி: குட்டைக்கு சோலார் ஏரேட்டர் போடலாமா?

கேள்வி: பத்து சென்ட் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, புல்கெண்டை விட்டிருக்கிறேன். ராத்திரி கரண்ட் போனால், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்றுவிடுகிறது. பேனலும் மோட்டாரும் போதும், பேட்டரியே வேண்டாம் என்கிறார் விற்க வந்தவர். வாங்கலாமா?
- ஒரு வாசகர், போச்சம்பள்ளி

பதில்: பேட்டரி இல்லாமல் வாங்காதீர்கள். போன ஐப்பசியில் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு குட்டைக்கு விடிகாலை நாலரை மணிக்குப் போயிருந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் மேலெல்லாம் வாய், கட்லா ஒவ்வொன்றும் மேலே வந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது, பார்க்கவே மனசு கேட்கவில்லை. பகலில் வெயில் பட்டு பிராணவாயு கொடுக்கிற அதே பச்சைப் பாசிதான் ராத்திரியில் மீனோடு சேர்ந்து அதை இழுக்கிறது, அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் மூச்சு மிகக் குறைவு. லிட்டருக்கு 5 மில்லிகிராம் பிராணவாயு இருந்தால் நல்லது, 3-க்குக் கீழே போனால் ஆபத்து. அந்த நேரத்தில் பேனலுக்கு வெயில் ஏது? பேட்டரி இல்லாத ஏரேட்டர் மத்தியானம் மேல்தண்ணீரையும் அடித்தண்ணீரையும் கலக்கிவிடும், அது நல்லதுதான், ஆனால் உங்கள் மீனைக் காப்பாற்ற வேண்டியது ராத்திரியில்.

கணக்கைப் பார்ப்போம். அரை எச்.பி. மோட்டார் ஏறக்குறைய 500 வாட் இழுக்கும். ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஆறு வரை ஓட்டினால் 2 யூனிட். 12 வோல்ட், 200 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்றில் 2.4 யூனிட் பிடிக்கும், ஆனால் லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் போய்விடும், ஆக இரண்டு வேண்டும். 1 கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் 4 யூனிட் வரை கொடுக்கும், அதனால் சார்ஜ் ஏறிவிடும். மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், இன்வெர்ட்டரை 500 வாட்டுக்குக் கச்சிதமாக வாங்கிவிடாதீர்கள். பேட்டரியைச் சில வருஷத்தில் மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று, இரண்டு நாள் தொடர்ந்து வானம் மூட்டம் போட்டால் பகலில் பாசியும் பிராணவாயு கொடுக்காது, பேட்டரியும் நிரம்பாது. அந்த நாட்களில் தீவனத்தை நிறுத்துங்கள். முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள், உள்ளங்கை தெரியவில்லை என்றால் பாசி அதிகம், சாணம் போடுவதை விட்டுவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். சந்தேகம் இருந்தால் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான், ஒரு நடை போய்க் கேளுங்கள்.

கேள்வி: மேட்டூர் அணைத் தண்ணீரில் பரிசலில் பிடிக்கிற சின்ன மீனைக் கரையிலேயே காயவைக்கிறோம், ஈ மொய்க்கிறது. சோலார் உலர்த்தி உதவுமா?
- நாகமரை, தர்மபுரி மாவட்டம்

பதில்: உதவும். மூங்கில் சட்டத்தில் பாலிதீன் ஷீட் போட்டு, கீழே காற்று வரவும் மேலே ஈரம் போகவும் வழி விட்டாலே போதும், பேனல்கூட வேண்டாம். திறப்புகளுக்குக் கொசுவலை கட்டுங்கள். மீனைக் கழுவி உப்புப் போட்டு, தரையில் பரப்பாமல் வலைத்தட்டில் வையுங்கள். முதல் நாளே சூட்டை அதிகமாக ஏற்றினால் மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் நின்றுவிடும், அதனால் தொடக்கத்தில் மேல்வழியை நன்றாகத் திறந்தே வையுங்கள்.