கேள்வி பதில்: மாத்திரை இருக்கிறது, கொடுக்கத்தான் ஆளில்லை

கேள்வி: 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாள்தானே நிறுத்தி வைத்தது? மூன்று மாதம் பொறுக்க முடியாதா, அதற்குள் ஏன் இத்தனை கூப்பாடு?

பதில்: ரோடு போடுகிற வேலை என்றால் மூன்று மாதம் பொறுக்கலாம். அந்த உதவியை நம்பிச் சிகிச்சை எடுக்கிற எச்.ஐ.வி. உள்ளவர் தினமும் மாத்திரை போட்டாக வேண்டும். ஒழுங்காகப் போடுகிற வரை ரத்தத்தில் வைரஸ் சோதனைக்கே அகப்படாத அளவுக்கு அடங்கிக் கிடக்கும், அந்த நிலையில் உடலுறவு வழியாக அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. விட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே மறுபடி தலைதூக்கிவிடும், கர்ப்பிணி என்றால் வயிற்றுக் குழந்தைக்கும் ஆபத்து. காசநோய் இதைவிட வம்பு. வழக்கமான சிகிச்சையே ஆறு மாதம். நடுவில் நின்றுபோனால் மிச்சமிருக்கிற கிருமி மருந்துக்கு மசியாததாக மாறலாம், அப்புறம் இருமலில் பக்கத்தில் இருப்பவருக்குப் போவதும் அந்த மசியாத கிருமிதான்.

அந்த 90 நாளும் 90 நாளாக இருக்கவில்லை. ஜனவரி 20-ல் உத்தரவு, அதே வாரத்தில் நடந்துகொண்டிருந்த வேலையையும் நிறுத்தச் சொல்லிக் கடிதம், மார்ச் 10-ல் அந்த உதவியைக் கொடுத்துவந்த அரசு அமைப்பான யுஎஸ்எய்ட்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோவின் அறிவிப்பு. ஜூலை 1-ல், 1961-லிருந்து இயங்கிவந்த யுஎஸ்எய்ட் அமைப்பே தனியாக இல்லாமல் போனது.

கேள்வி: உயிர் காக்கும் உதவிக்கு விலக்கு கொடுத்தார்களே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

பதில்: சொல்லிவிடுகிறேன். ஜனவரி 28-ல் கொடுத்தார்கள். சாமி வரம் கொடுத்தும் பூசாரி தரவில்லை என்பார்களே, இங்கே பூசாரியையே வேலையைவிட்டு அனுப்பியாயிற்று. விலக்கு யாருக்குப் பொருந்தும் என்று கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரிகள் பலர் கட்டாய விடுப்பில். மருந்து கிடங்கில் இருக்கும், அதை ஏற்றிப்போகிற லாரிக்காரருக்குப் பழைய பாக்கியே வந்திருக்காது. மருந்தகம் திறந்திருக்கும், ரத்தத்தைச் சோதிக்கிறவர் இருக்க மாட்டார். மருந்து வாங்க வராத நோயாளியை வீடு தேடிப் போய்க் கூப்பிடுகிற பணியாளர் போன மாதமே வேலையைவிட்டு நின்றிருப்பார். தொற்று வராமல் இருக்க முன்கூட்டியே போடுகிற மாத்திரைக்கு விலக்கு கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் மட்டும்தான், மற்றவர்களுக்குக் கிடையாது.

என்னால் மறக்க முடியாதது தென்னாப்பிரிக்காவில் நடந்தது. எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மருந்து வளையம் ஒன்றைப் பெண்களுக்கு உடலுக்குள் வைத்துச் சோதனை நடந்துகொண்டிருந்தபோது வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது. வளையம் உள்ளே, ஆய்வாளர்கள் அவர்களைப் பார்க்கக் கூடாது. உத்தரவை மீறி அவர்களை வரவழைத்து எடுத்துவிட்டவர்களும் உண்டு, அவர்களுக்கு ஒரு கும்பிடு.

கேள்வி: அமெரிக்க பட்ஜெட்டில் வெளிநாட்டு உதவி எத்தனை சதவீதம்?

பதில்: சுமார் 1. அந்த நாட்டுக்காரர்களைக் கருத்துக் கணிப்பில் கேட்டால் சராசரியாகக் கால்வாசி என்கிறார்கள்!

கேள்வி: பசித்த குழந்தைகளுக்கான பிஸ்கட்டை எரிக்க முடிவு செய்தார்கள் என்பது வாட்ஸ்அப் கதையா, உண்மையா?

பதில்: உண்மைதான். துபாய்க் கிடங்கில் கிடந்த சுமார் 500 டன் சத்து பிஸ்கட் 2025 ஜூலையில் காலாவதியாகி, அழிக்கும் பட்டியலுக்குப் போனது. கெட்டுப்போனதைக் கொடுக்க முடியாது, சரி. ஆனால் கெடுவதற்கு முன்னால் பல மாதங்கள் இருந்தனவே.

பிஸ்கட்டைவிட முக்கியமானது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவுக்குக் கொடுக்கிற வேர்க்கடலைப் பசை. கைக்கு அடக்கமான 92 கிராம் பொட்டலம், 500 கலோரி. வேர்க்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள். அடுப்பு வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம், கலக்கத் தண்ணீரும் வேண்டாம் (சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம்!). முனையைக் கிழித்துக் கையில் கொடுத்தால் குழந்தையே பிதுக்கிச் சாப்பிடும். முன்பு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்த குழந்தைகளில் பெரும்பாலோரை இது வந்த பிறகு வீட்டிலேயே தேற்ற முடிந்தது. இதைச் செய்கிற ஆலைகள் அமெரிக்காவிலேயே, ஜார்ஜியாவிலும் ரோட் ஐலண்டிலும் இருக்கின்றன. உதவி நின்றதில் சொந்த நாட்டு ஆலைகளும் திண்டாடின.

கேள்வி: 1 கோடியே 40 லட்சம் பேர் சாவார்கள் என்கிற கணக்கை நம்பலாமா?

பதில்: 2025-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த மதிப்பீடு அது. வெட்டு இப்படியே நீடித்தால் 2030-க்குள் கூடுதலாக அவ்வளவு மரணம், அதில் சுமார் 45 லட்சம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்கிறார்கள். இது நடந்ததை எண்ணிச் சொன்னதல்ல, இப்படிப் போனால் என்ன ஆகும் என்று போட்ட கணிப்பு, யாராவது இடைவெளியை நிரப்பினால் எண் குறையும். பத்தில் ஒரு பங்குதான் சரி என்றாலும் எனக்குத் தூக்கம் வராது.

கேள்வி: கோபிக்காதீர்கள். ஒரு நாடு அடுத்தவர் காசில் எத்தனை காலம்தான் மருந்து சாப்பிடும்?

பதில்: கோபமே இல்லை, கேட்க வேண்டிய கேள்வி. 2001-ல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக வாக்குக் கொடுத்தார்கள், காப்பாற்றியவர்கள் சொற்பம். அமெரிக்க வெட்டுக்குப் பிறகு நைஜீரியா 20 கோடி டாலர் கூடுதலாக ஒதுக்கியது, நல்லதுதான். தென்னாப்பிரிக்காவின் எச்.ஐ.வி. செலவில் வெட்டுக்கு முன்பு அமெரிக்கப் பங்கு சுமார் 17 சதவீதமாக இருந்தது, மாத்திரைகளைப் பெரும்பாலும் அந்த நாடே வாங்குகிறது. ஆக, விலகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐந்து வருடம் தவணை சொல்லி, ஆளையும் கணக்கையும் ஒப்படைத்துவிட்டு விலகியிருந்தால் பாராட்டியே எழுதியிருப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை கடிதம் போட்டுத் திங்கட்கிழமை கதவைப் பூட்டினால் எந்த அரசாங்கத்தால் சமாளிக்க முடியும்? பிரிட்டனும் தன் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 2027-க்குள் 0.3 ஆகக் குறைக்கிறது, அங்கே அவகாசமாவது சொன்னார்கள்.

கேள்வி: நல்ல செய்தி ஒன்றுகூடவா இல்லை?

பதில்: உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கிற லெனகபாவிர் ஊசி வந்துவிட்டது, 2025 நவம்பரில் முதல் சரக்கு ஆப்பிரிக்க நாடுகளான எஸ்வதினிக்கும் ஜாம்பியாவுக்கும் போய்ச் சேர்ந்தது, அதில் அமெரிக்கப் பணமும் இருக்கிறது. இனி ஆறு மாதம் கழித்து அடுத்த ஊசிக்கு ஒவ்வொருவரையும் தேடிக் கூப்பிட ஆள் வேண்டும்.