குகைக்குள் ஓர் அறை

அன்புள்ள ஐயா,

இத்தாலியின் மாத்தேராவில், குகை வீட்டைச் சீரமைத்து நடத்தும் சிறு விடுதியில் தங்கியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் கணவரும் அங்கே போகவிருக்கிறோம். வறுமையில் வாடியவர்களை அரசே வெளியேற்றிய குகைகள் அவை என்று படித்தபின் மனம் ஒப்பவில்லை. பிறர் துன்பப்பட்ட இடத்தில் பணம் கொடுத்துச் சுகமாகத் தூங்குவது சரியா?

வா.

அன்புள்ள வா.,

தங்குங்கள். ஆனால் எந்த அறை, யாருடைய அறை என்று பார்த்துத் தங்குங்கள்.

நீங்கள் படித்தது உண்மை. ஒரே குகையில் பெற்றோர், பிள்ளைகள், கோவேறு கழுதை, கோழிகள் எல்லாம் இருந்தன. மலேரியா பரவியது, குழந்தைகள் ஏராளமாக இறந்தார்கள். 1952இல் சிறப்புச் சட்டம் இயற்றி, சுமார் 15,000 பேரைப் படிப்படியாகப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பகுதி பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. அங்குள்ள பாறை மென்மையான சுண்ணாம்புக்கல். ஆள் புழங்காமல், காற்றோட்டம் இல்லாமல் பூட்டிக் கிடந்தால் ஈரம் ஏறிப் பொடிப்பொடியாக உதிரும். 1986இல் சீரமைப்புக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஆட்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். 1993இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தக் குகைகளில் மனிதர்கள் தூங்கி எழுவதில் எனக்கு மறுப்பே இல்லை.

நான் தங்கிய அறையில் கட்டிலுக்குப் பின்னால் பாறையைக் குடைந்த தீவனத் தொட்டி அப்படியே இருந்தது. விலங்குகளின் கழுத்து உரசி உரசி அதன் விளிம்பு வழவழப்பாகியிருந்தது. பக்கத்தில் கயிறு கட்டுவதற்கான துளை. விளக்கு மாடத்தில் படிந்த கரியை விடுதிக்காரர் சுரண்டி எடுக்கவில்லை. இவையெல்லாம் கண்ணெதிரே இருக்கும்போது எங்கே படுத்திருக்கிறோம் என்பதை மறக்க முடியாது. இவற்றைச் சிமென்டால் மூடி வெள்ளையடித்த அறைகளும் உண்டு. அங்கே தங்காதீர்கள். அங்கே வாழ்ந்தவர்களின் தடயங்களை அந்தப் பூச்சு அழித்துவிடுகிறது. தவிர, சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து, பின்னாலிருக்கும் கல்லையும் கெடுக்கும். சுண்ணாம்புப் பூச்சா என்று கேட்டுவிட்டே அறையைப் பதிவு செய்யுங்கள்.

உங்கள் மனம் உறுத்த வேண்டிய இடம் வேறு. முன்பு ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. பொது அடுப்புக்கு அனுப்பும் ரொட்டி யாருடையது என்று தெரிய, வீட்டுக்கு வீடு தனி மர முத்திரை வைத்திருந்தார்கள். இன்று அதே முற்றங்களைச் சுற்றி வரிசையாக விடுதி அறைகள். பயணிகள் மட்டுமே வந்து போகும் இடமாக அது மாறிக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய வருத்தம். அதனால் உரிமையாளர் அங்கேயே குடியிருக்கும் விடுதியாகத் தேடுங்கள்.

அறைக்குப் போகுமுன் விக்கோ சொலிதாரியோ என்ற சந்தில் அருங்காட்சியகமாக வைத்திருக்கும் குகை வீட்டைப் பாருங்கள். குகையின் உட்பகுதிக்கு ஜன்னல் இருக்காது. உங்கள் கணவருக்கு மூடிய இடம் ஒத்துக்கொள்ளாது என்றால் வாசலை ஒட்டிய கட்டிலைக் கேளுங்கள். வழியெல்லாம் படிக்கட்டுகள் என்பதால் சக்கரப் பெட்டி வேண்டாம், முதுகுப் பையே வசதி.